இடது ஓரம்

கால்தான் முதலில் ஆடும். சத்தம் அப்புறம்தான் வரும்.

சனிக்கிழமை மத்தியானங்களில் மைதானத்துக் கூச்சல் வீட்டுக்குள் வருவது புதிதில்லை. நடுவில் நாலைந்து தெருதான். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் நடுவரின் விசில்கூடக் கேட்கும். ஜன்னலோரம் இரும்புக் கட்டிலில் அவர் கிடப்பார். போன வருஷம் வாதம் வந்து இடது கை, இடது கால், வாய் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாடே பார்த்த கால் அது. இப்போது யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மெத்தையில் கிடந்தது.

மழைக்காலம் பிறந்ததும் அது ஆடத் தொடங்கியது. முதலில் விரல்கள் மடங்கின. பிறகு முழங்கால் எழும்பியது. பாதம் உள்ளே ஒரு தட்டு, வெளியே ஒரு தட்டு, மூன்றாவதாக எதையோ தாண்டுவது போல அந்தரத்தில் ஒரு வளைவு. அது முடிந்து ஒரு மூச்சு விடும் நேரம் ஆன பிறகு மைதானம் 'ஓ'வென்று எழுந்தது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். காது ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். அடுத்த முறை மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அதற்கடுத்த முறை ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தாள். கூச்சலைக் கேட்டு மனுஷனுக்குக் கால் துடித்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. இங்கே கூச்சல்தான் காலுக்குப் பின்னால் வந்தது.

அவரைக் காத்தாடி என்றுதான் ஊருக்குத் தெரியும். டயர்க் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஆள். கால்பந்தில் இடது விங்கராகக் கோட்டோரம் ஓட ஆரம்பித்தபோது, டிக்கெட் கவுன்டரில் இடப்பக்கப் பெஞ்சுதான் முதலில் விற்றுத் தீர்ந்தது. இடைவேளையில் இரு அணிகளும் பக்கம் மாறுமே, அப்போது ஜனம் குடையையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்கு ஓடும், அவர் எந்தக் கோட்டோரம் ஓடப்போகிறாரோ அந்தக் கோட்டோரம். அவருடைய வித்தைக்கு மூணு தட்டு என்று பெயர். உண்மையில் இரண்டுதான் தட்டு. மூன்றாவது வெறும் பாவனை. பாவனைக்குத்தான் தடுக்க வருகிற பேக் விழுவான். அப்படி விழுந்த ஒருவன் ஆட்டத்தையே விட்டுவிட்டுத் தையல் கற்றுக்கொள்ளப் போனான் என்று சொல்வார்கள். நாட்டுக்காக ஆடினார். முடிவெட்டும் கடைகளில் கண்ணாடிக்கு மேலே அவர் படம் தொங்கியது.

பந்தை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டார். கோல் வாயில் மூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாலும் கொடுக்கமாட்டார். "காத்தாடிகிட்டப் பந்து போச்சுன்னா நாம உட்கார்ந்து டீ குடிக்கலாம்" என்பது கூட ஆடினவர்களின் பேச்சு. வீட்டிலும் அதே ஆள்தான். முட்டி போனது, ஆட்டம் போனது, கொஞ்ச நாள் பள்ளிக்கூடங்களில் கோப்பை கொடுக்கக் கூப்பிட்டார்கள், அதுவும் நின்றது. அதன் பிறகு குடும்பம் ஓடியது சலவைக்கூடத்தில். அவளும் நாத்தனாரும் சேர்ந்து நடத்தினார்கள். கிளப்பின் ஜெர்சி மூட்டையும் அங்கேதான் வரும்.

திங்கட்கிழமை மூட்டையை அவிழ்த்தார்கள். வெளியே தூறல் விடவில்லை. இயந்திரத்தின் வெப்பத்தில் கூடத்துக்குள் ஆவி மூட்டமாக நின்றது. சேற்று ஜெர்சியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். நேரே சுடுதண்ணீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அவள் அலசினாள். நாத்தனார் காலுறைகளைத் திருப்பிப் போட்டாள்.

"அண்ணி, இங்க பாருங்க. இது யாரோட சாக்ஸ்னு சொல்லுங்க."

"எல்லாம் ஒரே நாத்தந்தான். எதைச் சொல்ல?"

"பாருங்கன்னா."

இடது காலுறை. கட்டைவிரலுக்குப் பக்கவாட்டில் தேய்ந்து நூல் தெரிந்தது. உள் கணுக்காலில் சுண்ணாம்பு அப்பியிருந்தது, கோட்டின் மேலேயே பாதத்தைச் சாய்த்து ஓடுகிறவனுக்கு மட்டும் அப்புகிற இடத்தில். கல்யாணமான நாளிலிருந்து அவள் கல்லில் தேய்த்துப் போக்கிய கறை அது.

"புதுக்காத்தோடது" என்றாள் நாத்தனார். ஜனம் அந்த இளைஞனுக்கு இப்போது வைத்திருக்கிற பெயர். "மழைக்கு முன்னாடி வரைக்கும் பெஞ்சுல உட்கார்ந்து மூக்கு நோண்டிக்கிட்டிருந்த ஆளு. இப்ப என்னடான்னா மூணு தட்டு தட்டுறானாம். அண்ணனை அப்படியே உரிச்சு வெச்சிருக்குன்னு டீக்கடையில ஒரே பேச்சு. எங்கண்ணன் வெளியூர் மேட்சுக்குப் போனப்ப ஏதாவது பண்ணிட்டு வந்துட்டாரா என்ன?"

"வாயைக் கழுவுடீ."

"சோப்புத் தண்ணி உங்ககிட்டதானே இருக்கு, ஊத்துங்க."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த காலுறையை வாளியில் போட்டாள். மழைக்கு முன்னால்தான், தினமும் அவருடைய இடது காலை நீட்டி மடக்கிவிடும்படி, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள், இல்லாவிட்டால் நரம்பு இறுகிவிடுமாம். நர்ஸ் சொன்னபடி நீட்டி மடக்கினால் அது வெறும் கட்டையாகக் கிடந்தது. கடுப்பில் ஒருநாள் பாதத்தைக் கையில் பிடித்து அவருடைய வித்தையையே செய்ய வைத்தாள். உள்ளே, வெளியே, மேலே. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணினாள். புது மணப்பெண்ணாக இருந்தபோது அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவே இருந்த குறுகலான நடையில், ஈரத்துண்டைச் சுருட்டிப் பந்தாக்கி அவர் பழகுவார். துணி பிழிந்தபடியே இவள் எண்ணுவாள். அந்த எண்ணிக்கையின் தாளத்தில்தான் அவர் கால் படிந்தது. ஊருக்கு அது தெரியாது. அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் எண்ணிய அன்றைக்குத்தான் செத்த காலின் பெருவிரல் அசைந்தது. மகிழ்ச்சியில் அழுதுகொண்டே தினமும் எண்ணினாள்.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"நடக்க வைக்கிறீங்களாம்மா?"

"உட்காரவே முடியாதவரை எங்கே நடக்க வைக்க?"

"பின்ன இது என்ன?"

உடம்பு உளுத்த கட்டையாகிவிட்டிருந்தது. நெஞ்செலும்பை எண்ணலாம். இடது கெண்டைக்கால் மட்டும் முறுக்கேறி, ஓட்டக்காரனுடையது போலத் திரண்டிருந்தது. உள்ளங்காலில் ஒரு கொப்புளம், புதுசு. பூட்ஸ் கடித்தால் வருகிற கொப்புளம்.

"சாப்பாட்டுல குறை வைக்கிறதில்லையே?"

"முட்டை, பால், சூப்பு. எல்லாம் போகுது. எங்க போகுதுன்னுதான் தெரியலை."

"நெஞ்சுதான் தாங்காது. இது என்ன துடிப்போ, டாக்டருக்கும் பிடிபடலை. இப்படி இன்னொரு தடவை வந்துச்சுன்னா ஆளு இருக்கமாட்டாரு. காலை அசையவிடாதீங்க. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

அன்றோடு அவள் எண்ணுவதை நிறுத்தினாள். நிறுத்தினால் நிற்கிற கட்டத்தை அது தாண்டிவிட்டது என்று அவளுக்கே தோன்றியது. அதனால் வியாழக்கிழமை சலவை மூட்டையை எடுக்கப் புதுக்காத்தை அனுப்பச் சொல்லி கிளப்புக்கு ஆள் விட்டாள்.

அவன் மழையில் நனைந்துகொண்டே வந்தான். இருபத்து சொச்சம் வயது இருக்கும். அகலமான காது, எதற்கும் மன்னிப்புக் கேட்கிற முகம். இஸ்திரி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நேராச் சொல்லிடறேன் தம்பி. அந்த மூணு தட்டை நீ ஆடாதே."

அவள் வாயைத் திறந்ததும் அவன் முகம் வெளிறியது. ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"மறுபடி பேசுங்கம்மா."

"என்ன பேச?"

"ஒண்ணு ரெண்டு எண்ணுங்க."

அவள் எண்ணவில்லை. நாத்தனார் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க குரல்தான்" என்றான் அவன். "பந்து வந்ததும் காதுக்குள்ள ஒரு பொம்பளை எண்ணுவாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. பின்னால துணி பிழியற மாதிரி தண்ணி சத்தம். யார்கிட்டச் சொல்றது? சொன்னா பைத்தியம்பாங்க. நான் ஆடலைம்மா. நான் பாஸ் கொடுக்கணும்னுதான் நினைக்கிறேன், சத்தியமா. பக்கத்துல ஆளு சும்மா நிக்கிறான், கொடுக்கலாம்னு பார்க்கிறேன். கால் கொடுக்கமாட்டேங்குது."

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு மேஜைப் பக்கம் வந்தாள்.

இவன் ஆட்டம் கிழவரை இழுக்கிறது என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கணக்கு தலைகீழ். அவர் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போகவில்லை. இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். தன் கால் போய்விட்டதால் இன்னொருத்தன் காலை எடுத்துக்கொண்டார்.

"அப்ப ஆடப் போகாதே" என்றாள் நாத்தனார். "சனிக்கிழமை வயித்துவலின்னு படுத்துக்கோ."

"சனிக்கிழமை பெரிய கிளப்காரங்க பார்க்க வர்றாங்கக்கா. அன்னிக்குப் படுத்தா அப்புறம் எப்பவும் படுத்தே கிடக்க வேண்டியதுதான்." தலையைச் சொறிந்தான். "வலது பக்கம் இறக்கிவிடச் சொல்லி கோச்சைக் கேட்கிறேன். அவர் ஓடினதெல்லாம் இடது ஓரந்தானே. அந்தப் பக்கமே போகலைன்னா?"

சரி என்றாள். வேறு வழி தோன்றவில்லை. ஜெர்சி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. தெருவிலிருந்து ஆவி எழும்பியது. ஜன்னலை இறுகச் சாத்தி, இடுக்கில் துணி செருகிவிட்டு, இரண்டு பேரும் கட்டிலோரம் உட்கார்ந்தார்கள். முதல் பாதி முழுவதும் கால் அசையவில்லை. தூரத்துக் கூச்சல் எழுந்து அடங்கியது. கால் அதைக் கண்டுகொள்ளவில்லை. இடைவேளையில் நாத்தனார் டீ போட்டுக்கொண்டு வந்து, ரொட்டியைத் தோய்த்துத் தின்றாள்.

"பார்த்தீங்களா, வலது பக்கம் எங்கண்ணனுக்கு ஆகாது. பொண்டாட்டியைக்கூட இடது பக்கம்தான் படுக்க வைப்பாருன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"உன்கிட்டப் போய்ச் சொன்னேன் பாரு."

இரண்டு பேருமே சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன்னே விரல்கள் மடங்கின.

அதற்கு முன் பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை. முழங்கால் ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது, கட்டில் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. ஓடுகிறார். மைதானத்தின் முழு நீளத்துக்கும் ஓடுகிறார். நெஞ்சு துருத்தி மாதிரி அடித்தது. உதடு நீலம் பாரித்தது. பல மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் கண் மட்டும் பளபளவென்று உயிரோடு, சுவரைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, பிடிங்க! செத்துடுவாரு! பிடிங்க!"

பிடித்தால் மைதானத்தில் அவனுக்கு என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் பிடித்தாள். கணுக்காலை இரண்டு கையாலும் பற்றி, ஈரக் கம்பளியை முறுக்குகிற முறுக்கு முறுக்கி, மார்போடு சேர்த்து அழுத்தினாள். வருஷக்கணக்கில் துணி பிழிந்த கை. கால் மீன் மாதிரித் துள்ளியது. பிறகு நின்றது.

மைதானத்தில் எழும்பிக்கொண்டிருந்த கூச்சல் பாதியில் அறுந்தது. அத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். வாதம் வந்ததிலிருந்து அவளை அவர் பார்த்தது அப்போதுதான். புருஷன் பெண்டாட்டியைப் பார்க்கிற பார்வை இல்லை அது. குறுக்கே வந்து விழுந்த பேக்கை ஆட்டக்காரன் பார்க்கிற பார்வை.

கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் தெருவைக் கடந்து போனது.

அவள் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. பிடி தளர்ந்தால் முழங்கால் எழும்பியது. மேட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போது அதற்கு ஒன்றுதான். துண்டால் கட்டிப் பார்த்தார்கள், முடிச்சு நழுவியது. ஒருத்தி பிடிக்க ஒருத்தி தூங்கினாள், ஒருத்தி பிடிக்க ஒருத்தி சமைத்தாள். சலவைக்கூடத்தில் துணி மலையாகக் குவிந்தது. இரண்டு நாளிலேயே அவருக்கு முகம் தெளிந்தது. சூப்பு உள்ளே தங்கியது. கன்னத்தில் லேசாகச் சதை பிடித்தது.

அடுத்த மூட்டை வந்தது. நாத்தனார்தான் போய் அவிழ்த்தாள். திரும்பி வந்தவள் கையில் ஓர் இடது காலுறை, மேலிருந்து கீழ்வரை கத்தரியால் நீளமாக வெட்டியிருந்தது.

"பக்கத்துல ஒருத்தனுமே இல்லையாம் அண்ணி. தனியா ஓடிக்கிட்டிருந்தவன் அப்படியே சுருண்டு விழுந்தானாம். வலது பக்கந்தான் இறங்கியிருக்கான். இடைவேளைக்கு அப்புறம் கோச் கத்தக் கத்த இடது ஓரத்துல வந்து நின்னானாம்."

மறுநாள் மத்தியானம் அவர் காலை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்தும் ஈரக் குடையும் கலந்த வாடை. வார்டின் கோடியில் அவன் கிடந்தான். மாவுக்கட்டைப் பிளந்து திறந்து வைத்திருந்தார்கள். கணுக்காலைச் சுற்றிக் கருநீலமாக வரிகள் ஓடின. விரல்கள் பதிந்த வரிகள் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"நீங்கதானே?" என்றான்.

"ஆமா."

"ஈரக் கை. சோப்பு வாசனை அடிச்சுது. விழறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு."

"அவர் செத்துடுவாருன்னு பிடிச்சேன்."

அவன் கூரையைப் பார்த்தான்.

"எலும்பு பரவாயில்லையாம். ரத்தந்தான் இறங்கலை. ஏன்னு அவங்களுக்கு விளங்கலை. நாளைக்குக் காலையில பார்த்துட்டு, முட்டிக்குக் கீழே எடுத்துடணும்ங்கறாங்க. கையெழுத்துப் போட எங்கம்மாவை வரச் சொல்லியிருக்காங்க." குரலைத் தாழ்த்தினான். "கையை எடுங்கம்மா. இன்னும் பிடிச்சிருக்கீங்க."

"நான் உன் எதிர்லதானே நிக்கிறேன்?"

"அப்ப வேற யாரோ. இது சின்னக் கை. மோதிரம் போட்டிருக்கு, எலும்புல உறுத்துது."

அவள் குடையை எடுத்துக்கொள்ளாமலே வெளியே வந்தாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. நனைந்து வீடு வந்து சேர்ந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. நாத்தனார் கட்டிலின் கால்மாட்டில், அண்ணன் கணுக்காலை மடியில் வைத்துப் பிடித்தபடி அரைத் தூக்கத்தில் இருந்தாள். மோதிரம் போட்ட விரல் சதையில் ஆழமாகப் பதிந்திருந்தது.

"விடுடீ."

"வந்துட்டீங்களா? இருங்க, மாத்திக் கொடுக்கிறேன்."

"மாத்த வேண்டாம். விட்டுடு."

நாத்தனாருக்குத் தூக்கம் தெளிந்தது. "விட்டா போயிடுவாரு."

"தெரியும்."

"என்ன தெரியும்? அவன் யாரோ. எவன் வீட்டுப் பிள்ளையோ. இவரு என் கூடப் பொறந்தவரு அண்ணி. நீங்க கட்டிக்கிட்டவங்க, உங்களுக்கு எப்படியோ."

"நாளைக்கு அவன் காலை வெட்டப்போறாங்க."

"வெட்டட்டும்!" என்று கத்திவிட்டு நாத்தனார் தன் வாயைத் தானே பொத்தப் போனாள், கை வரவில்லை, கால் மேல் இருந்தது. அழுகை வந்தது. "ரெண்டு நாளா நல்லாச் சாப்பிடறாரு அண்ணி. காலையில என்னைப் பார்த்துச் சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு."

"உன்னைப் பார்த்துச் சிரிக்கலை. உன் பிடி தளருதான்னு பார்த்திருப்பாரு." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கால் அவனோடதுடீ. இவரோடது போயிடுச்சு. போனது போனதுதான்."

நாத்தனார் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

கால் எழும்பியது. அவசரமே இல்லாமல் முதலில் நடை, பிறகு ஓட்டம். அவள் எண்ணவில்லை, தொடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் ஓடினார். மூச்சு அறையை நிறைத்தது. ஒரு தடவையாவது இந்தப் பக்கம் திரும்புவார் என்று அவள் எதிர்பார்த்தது நிஜம். திரும்பவில்லை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மூன்றாவது வளைவில் பாதம் அந்தரத்தில் நின்றது, பிறகு மெத்தையில் விழுந்தது. மூச்சு அதோடு சரி.

காலையில் நர்ஸ் வந்தாள். நாடியைப் பார்த்து, கண்ணை மூடிவிட்டு, ஆறுதலாக என்ன சொல்வது என்று தெரியாமல் ஆஸ்பத்திரிச் சேதியைச் சொன்னாள். "அந்த ஆட்டக்காரத் தம்பிக்கு நேத்து சாயங்காலமே ரத்தம் இறங்கிடுச்சாம். விரலை அசைக்கிறான். வெட்ட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஆட்டமெல்லாம் இனிமே சந்தேகந்தான்."

அவள் தலையை ஆட்டினாள். வெந்நீர் வைத்து, இருக்கிறதிலேயே வெளுத்த துண்டாக எடுத்துவந்து அவரைத் துடைத்தாள். நாத்தனார் தண்ணீர் மாற்றிக் கொடுத்தாள். முகம், கழுத்து, கை எல்லாம் ஜில்லிட்டு விறைத்திருந்தன. போர்வையை விலக்கி இடது காலுக்கு வந்தபோது கை நின்றது. கெண்டைக்காலில் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

துடைத்தாள். ஆறிப்போயிருந்த துண்டு அந்தக் காலின் சூட்டில் வெதுவெதுத்தது.

மறுபடியும் வேர்த்தது.